பாதுகாப்பு உத்தரவு சார்பாகும் நேரத்தை யார் சொல்வது? நான்கு வழிகளின் ஒப்பீடு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு பெற்ற ஒரு பெண்ணுக்கு, அந்த உத்தரவைப் பற்றி நான்கு செய்திகள் உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும். எதிர்மனுதாரர் கையில் உத்தரவு எப்போது போய்ச் சேர்ந்தது, அதாவது எப்போது சார்பானது. தான் இப்போது குடியிருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் அதன் நகல் இருக்கிறதா. உத்தரவு திருத்தப்பட்டோ, மேல்முறையீட்டில் இடைக்காலத் தடைக்கு உள்ளாகியோ இருக்கிறதா. உத்தரவை மீறியதற்காகக் கைதானவர் பிணையில் வெளியே வந்துவிட்டாரா. இவற்றை அன்றைக்கே அவரிடம் சொல்லும் கடமையைச் சட்டம் யார்மீதும் தெளிவாகச் சுமத்தவில்லை. பெரும்பாலும் அவர் வழக்குரைஞருக்குத் தொலைபேசி செய்து கேட்கிறார். இல்லையென்றால் அடுத்த வாய்தா வரை காத்திருக்கிறார். இந்த இடைவெளியை அடைக்க முன்வைக்கப்படக்கூடிய வழிகளை ஒப்பிட்டு, எதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பைப் பற்றி அது பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. விசாரணை நாளைக் குறிக்கும் அறிவிப்பை, இச்சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாக இரண்டு நாட்களுக்குள்ளோ, நடுவர் (மாஜிஸ்திரேட்) அனுமதிக்கும் நியாயமான கூடுதல் காலத்துக்குள்ளோ எதிர்மனுதாரருக்குச் சார்பு செய்ய வேண்டும் என்று 13ஆம் பிரிவு கூறுகிறது. உத்தரவின் நகலை இருதரப்பினருக்கும், நடுவரை அணுகிய எல்லைக்கு உட்பட்ட காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரிக்கும், நீதிமன்ற எல்லைக்குள் இருக்கும் சேவை வழங்குநருக்கும் (இப்பெண்களுக்கு உதவப் பதிவு செய்துகொண்ட தொண்டு அமைப்புக்கும்) கட்டணமின்றித் தர வேண்டும் என்று 24ஆம் பிரிவு கூறுகிறது. 27ஆம் பிரிவின்படி அந்த உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். 31ஆம் பிரிவின்படி அதை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடமுடியாத குற்றம்.

24ஆம் பிரிவையும் 27ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓட்டை தெரிந்துவிடுகிறது. உத்தரவு நாடு முழுவதும் செல்லுபடியாகும். நகலோ ஒரே ஒரு காவல் நிலையத்துக்குத்தான் போகிறது. மதுரையில் தாய்வீட்டில் இருந்தபடி மனுச் செய்து உத்தரவு பெற்ற பெண், ஆறு மாதம் கழித்து வேலைக்காக அம்பத்தூருக்குக் குடிபெயர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் இரவு கணவர் வந்து கதவைத் தட்டினால், அவர் ஓடிப்போய் நிற்கும் நிலையத்தில் அந்த உத்தரவைப் பற்றிய தடயமே இருக்காது. பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்து வைத்திருக்கும் ஜெராக்ஸ் தாளை நீட்டுகிறார். இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆய்வாளர் முத்திரை மங்கிய அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் அமலில் இருக்கிறதா? எதிர்த்தரப்புக்குச் சார்பாகிவிட்டதா?” என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். உத்தரவு தனக்குக் கிடைக்கவே இல்லை என்பதே 31ஆம் பிரிவு வழக்குகளில் எளிதில் எழுப்பப்படும் எதிர்வாதம் என்பதை எந்தக் காவல் அதிகாரியும் அறிவார். ஆனால் கேட்கப்படும் பெண்ணிடம் இரண்டுக்கும் விடை இல்லை. காலையில் ஸ்டேஷன் ரைட்டர் வரட்டும், மனு ரசீது போட்டுத் தருகிறோம் என்ற பதிலோடு அவர் திரும்ப வேண்டியதுதான்.

நான்கு செய்திகளிலும் முதலாவது, அதாவது உத்தரவு எதிர்மனுதாரரைச் சென்றடையும் நேரம், மற்றவற்றைவிட மிகவும் கூர்மையானது என்பது என் கருத்து. 23ஆம் பிரிவின்படி ஒருதரப்பாகப் பிறப்பிக்கப்படும் இடைக்கால உத்தரவாக அது இருந்தால், மனைவி நீதிமன்றம் வரை போயிருக்கிறார் என்பதே கணவருக்கு அந்தத் தாளைப் பிரிக்கும்போதுதான் தெரியவரும். பகிர்ந்து வாழும் வீட்டிலிருந்து அந்தப் பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று 19ஆம் பிரிவின்படி குடியிருப்பு உத்தரவும் சேர்ந்து வந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஏனெனில் உத்தரவு சார்பாகும் முகவரியும் அவர் குடியிருக்கும் முகவரியும் ஒன்றே. வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலர் கிளம்பிவிடுகிறார். சமையலறையில் இருப்பவருக்கு வந்தது என்ன தாள் என்று தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பார். எனவே எந்த ஏற்பாட்டை எடைபோட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சார்பாகும் நேரத்தை அது அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்கிறதா?

முதல் வழி, பாதுகாப்பு அலுவலரையே அறிவிப்பவராகவும் ஆக்குவது. உத்தரவைச் சார்பு செய்யப் போகும் முன் அவர் மனுதாரருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சார்பு செய்த பின் நாளும் மணியும் இடமும் குறித்த ஒரு சான்றை நீதிமன்றத்துக்கும் மனுதாரருக்கும் தர வேண்டும். புதிய மென்பொருளோ புதிய துறையோ இதற்குத் தேவையில்லை. முன்பின் தெரிந்த ஒரு மனிதக் குரல், “நாளைக் காலை பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டுக்குப் போகிறோம், நீங்கள் அப்போது எங்கே இருப்பீர்கள்?” என்று கேட்பதற்கு ஈடான குறுஞ்செய்தி கிடையாது; அந்தக் கேள்வியிலேயே பாதுகாப்புத் திட்டத்துக்கான பேச்சும் தொடங்கிவிடுகிறது. குறையும் வெளிப்படையானதுதான். பல மாநிலங்களில் பாதுகாப்பு அலுவலர் பணி வேறொரு பணிக்கு மேல் ஏற்றப்பட்ட கூடுதல் பொறுப்பாகவே இருக்கிறது. அலுவலகம் மாலையில் மூடும். அலுவலர் மாற்றலாகிப் போனால் அவருடைய நோட்டுப் புத்தகமும் நினைவும் அவரோடு போய்விடும். ஒரு மாவட்டத்தில் ஒருவர் அக்கறையோடு செய்ததை அடுத்து வருபவர் செய்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இந்தக் குறைக்குச் சட்டத்துக்குள்ளேயே ஒரு மருந்து இருக்கிறது. அது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றே எண்ணுகிறேன். பாதுகாப்பு உத்தரவில் நடுவர் பணித்தபடி தம் கடமையைச் செய்யப் போதிய காரணமின்றித் தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு ஓராண்டு வரை சிறையோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 33ஆம் பிரிவு. இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள், உத்தரவில் பணித்தபடி என்பவை. முன்கூட்டிச் சொல்வதும் சான்று தருவதும் உத்தரவின் வாசகத்திலேயே எழுதப்பட்டுவிட்டால், அவை அலுவலரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தவையாக இல்லாமல் சட்டக் கடமையாகிவிடும். அரசின் முன் அனுமதியோடு கொடுக்கப்படும் புகாரின்றி அவர்மீது வழக்கு நகராது என்று 34ஆம் பிரிவு சொல்வதால், அலுவலர்களும் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, நீதிமன்றப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் இ-கோர்ட்ஸ் என்ற, ஏற்கெனவே இருக்கும் கட்டமைப்பைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட ஒரு தனி எண் இருக்கிறது. அதை வைத்து வழக்கின் நிலையைக் கைபேசியில் பார்க்கலாம். வாய்தா தேதி குறுஞ்செய்தியாகவும் வருகிறது. செலவு குறைவு, நாடு முழுவதும் ஒரே முறை, மாற்றலாகிப் போகும் அலுவலரைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. உத்தரவு திருத்தப்பட்டதையும் மேல்முறையீடு தாக்கலானதையும் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 29ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு; அந்த 30 நாளும் அமர்வு நீதிமன்றத்தின் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கும் வேலையை ஓர் இயந்திரம் செய்வதே முறை.

ஆனால் முக்கியமான கேள்வியில் இது தோற்கிறது. நீதிமன்றத்தின் சொந்த ஊழியர்கள் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதைக் கைபேசிச் செயலி வழியே உடனுக்குடன் பதிவு செய்யும் என்ஸ்டெப் என்னும் ஏற்பாடு இருக்கிறது. அது நீதிமன்றச் சிப்பந்திகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. குடும்ப வன்முறை வழக்கில் சார்பு செய்பவரோ சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர். அவர் கையிலும் அந்தச் செயலி தரப்படாத வரை, சார்பான நேரம் நீதிமன்றக் கணினிக்குத் தெரிய வழியில்லை. கணினிக்குத் தெரியாததை அது குறுஞ்செய்தியாக அனுப்பவும் முடியாது.

கைபேசியே ஒரு சிக்கலாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும். சிம் கார்டு கணவர் பெயரில் இருக்கலாம். மாமியாரும் பேரனும் எடுத்துப் பார்க்கும் ஒரே போன் வீட்டில் இருக்கலாம். கடவுச்சொல்லைக் கணவர் முன்பே வாங்கி வைத்திருக்கலாம். அந்தத் திரையில் நீதிமன்றத்தின் பெயரோடும் வழக்கு எண்ணோடும் ஒரு செய்தி மின்னினால், பாதுகாப்பதற்காக அனுப்பிய செய்தியே அடிக்குக் காரணமாகிவிடும். மனுவைத் தாக்கல் செய்யும்போது எழுதிக்கொடுக்கும் எண்ணுக்கே செய்தி போக வேண்டும் என்ற இயல்பான ஏற்பாடு இங்கே ஆபத்தானது. பாதுகாப்பான எண் எது, எந்த நேரத்தில் பேசலாம், அந்த எண்ணில் வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தனித் தாளில் கேட்டுப் பதிந்து, அந்தத் தாளை எதிர்த்தரப்பு பார்க்கும் வழக்குக் கட்டிலிருந்து விலக்கி வைக்காத வரை, குறுஞ்செய்தி முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. தரப்பினரின் பெயரைக் கொண்டு தேடும் வசதி உள்ள எந்தத் தளத்திலும் இவ்வகை வழக்குகளில் பெயர் மறைக்கப்பட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். விசாரணையை மூடிய அறையில் நடத்த 16ஆம் பிரிவு இடம் தருகிறது. அறைக் கதவைச் சாத்திவிட்டு வழக்குப் பட்டியலைத் திறந்து வைப்பதில் பொருள் இல்லை.

மூன்றாவது வழி அமெரிக்காவிலிருந்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1993 டிசம்பர் 6 அன்று மேரி பைரன் என்ற பெண் தம் 21ஆம் பிறந்தநாளில் முன்னாள் காதலனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தாக்கிய வழக்கில் சிறையில் இருந்த அவன் பிணையில் வெளிவந்துவிட்டதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு 1994இல் அங்கே தொடங்கப்பட்டதுதான் வைன் எனப்படும் தானியங்கி அறிவிப்பு முறை. பின்னர் அது நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. பதிவு செய்துகொண்டவருக்குச் சிறையிலிருப்பவர் விடுதலையாகும்போது தொலைபேசி அழைப்பு வருகிறது. தாம் தேர்ந்தெடுத்த இரகசிய எண்ணை அவர் அழுத்தும் வரை அழைப்பு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். செய்தி அனுப்பினோம் என்பதோடு நின்றுவிடாமல், செய்தி சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொள்ளும் இந்த நுணுக்கம் நாம் எந்த வழியைத் தேர்ந்தாலும் எடுத்துக்கொள்ளத்தக்கது. உங்கள் பாதுகாப்புக்கு இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று அந்த ஏற்பாடே பயனாளர்களை எச்சரிப்பதும் நேர்மையான செயல்.

எனினும் வைன் முறையின் அடித்தளம் சிறைப் பதிவேடு. உள்ளே இருப்பவர் வெளியே வரும் தருணத்தைத்தான் அது முதன்மையாகக் கண்காணிக்கிறது. நம்முடைய குடும்ப வன்முறைச் சட்டம் வேறு தன்மையது. மனுவின் மீது கிடைக்கும் தீர்வுகள் உரிமையியல் சார்ந்தவை, உத்தரவு மீறப்பட்டால்தான் குற்ற வழக்கு பிறக்கிறது. பாதுகாப்பு உத்தரவுக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் சிறைக்குள் போவதில்லை. ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே நிறுவினால், நாம் முதலில் வைத்த நான்கு செய்திகளில் கடைசி ஒன்றுக்கு மட்டும் அது விடை தரும். மிகுந்த செலவில் மிகச் சிலருக்கு. மீறல் வழக்குகள் முறையாகப் பதிவாகத் தொடங்கிய பின் இது தேவைப்படும். அதற்கு முன் தேவைப்படாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் பிணையில் வந்தவர் தெருமுனைக்கு வந்து சேர 90 நாள் ஆகாது.

நான்காவது வழி, காவல் துறை மட்டும் பார்க்கக்கூடிய ஒரு மாநிலப் பதிவேடு. நடுவர் கையெழுத்திட்ட அன்றே உத்தரவு அதில் ஏறும். சார்பான நேரம், திருத்தம், தடை, நீக்கம் யாவும் அதே பதிவில் சேரும். எந்த நிலையத்திலிருந்தும் இரவு எந்த மணிக்கும் உத்தரவின் எண்ணைக் கொண்டு பார்க்கலாம். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் பாதுகாப்பு உத்தரவுகளுக்கான தனிக் கோப்பு 1997 முதல் இருக்கிறது. அம்பத்தூர் உதவி ஆய்வாளரின் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அதே சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம் என்கிறது. பதிவேடு இல்லாமல் அந்த உரிமை பாதுகாப்பு உத்தரவைப் பொறுத்தவரை பாதியாகவே நிற்கிறது.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமும் அன்று. பிணை உத்தரவு தபாலில் வரத் தாமதமாவதால் கைதிகள் கூடுதல் நாட்கள் சிறையில் கிடக்கிறார்கள் என்ற கவலையின் பேரில், 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஃபாஸ்டர் என்ற மின்னணு அனுப்பு முறையைத் தொடங்கி, உத்தரவுகள் நேரடியாகச் சிறைக்குப் போகும்படி செய்தது. விடுதலை உத்தரவைச் சிறைக்கு அனுப்பத் தெரிந்த கட்டமைப்புக்குப் பாதுகாப்பு உத்தரவைக் காவல் நிலையத்துக்கு அனுப்பத் தெரியாமல் போகாது.

பதிவேட்டால் எல்லாம் தீரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. கொலராடோவின் காசில் ராக் ஊரில் 1999 ஜூனில் ஜெசிகா கொன்சாலஸ் என்ற தாய், கணவன் மூன்று மகள்களையும் தூக்கிப் போய்விட்டதாகக் காவல் துறையிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார். வீட்டுக்கு வந்த காவலர்களிடம் பாதுகாப்பு உத்தரவின் நகலையே காட்டினார். விடிவதற்குள் மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தனர். உத்தரவை அமல்படுத்தும்படி கேட்க அவருக்கு அரசியலமைப்பு வழி உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பதிவைப் பார்த்த அதிகாரி என்ன செய்தார் என்பதும் அதே பதிவில் ஏறாவிட்டால், நாமும் விலையுயர்ந்த ஓர் அலமாரியைத்தான் கட்டியிருப்போம்.

இதைவிட நடைமுறைக்கு நெருக்கமான கவலை ஒன்று உண்டு. “ஸ்டேஷனில் அவருக்கு ஆள் இருக்கிறார்” என்பது இந்த வழக்குகளில் பெண்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் வாக்கியம். மாநிலமெங்கும் திறக்கும் பதிவேட்டில் அந்தப் பெண்ணுடைய புது முகவரி இருந்தால், தெரிந்த ஒரு காவலரைக் கேட்டுக் கணவர் அதைப் பெற்றுவிட முடியும். ஆகவே முகவரி பதிவேட்டில் இருக்கவே கூடாது. உத்தரவின் எண், தரப்பினர் பெயர், தடைசெய்யப்பட்ட செயல்கள், நிலை ஆகியவை போதும். யார், எந்த நிலையத்திலிருந்து, எப்போது அந்தப் பதிவைத் திறந்தார் என்ற பட்டியலைக் கேட்டுப் பெறும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்க வேண்டும். வெளிப்படைத்தன்மை என்று நான் கருதுவது இதைத்தான்: பதிவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும், அதைத் தொட்டவர்களின் தடமும் அவருக்குத் தெரிய வேண்டும். தம்மைப் பற்றிய பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை எதிர்மனுதாரருக்கும் வேண்டும். தடை விதிக்கப்பட்ட பின்னும் அமலில் இருப்பதாகக் காட்டும் பழைய பதிவால் ஒருவர் கைதானால், அடுத்த வழக்கில் எந்த அதிகாரியும் அந்தப் பதிவேட்டை நம்ப மாட்டார்.

பதிவேட்டைப் பொதுமக்களுக்கே திறந்துவிடலாம் என்ற யோசனையை நெடுநேரம் ஆராய வேண்டியதில்லை. கணவர் பெயரை வெளியிட்டால் மனைவி யார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். பாதுகாக்கப்படுபவரின் அடையாளத்தையோ இருப்பிடத்தையோ வெளிப்படுத்தும் உத்தரவு விவரங்களை இணையத்தில் பொதுவில் வைக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே தடை விதித்திருக்கிறது.

நான்கையும் எடைபோட்டால், சார்பாகும் நேரத்தைச் சொல்ல முதல் வழியும், காவல் நிலையக் கேள்விக்கு விடை தர நான்காவது வழியும் இன்றியமையாதவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. முதல் வழியை உடனே தொடங்க வேண்டும் என்பேன். நான்காவதற்கு நீதிமன்றம், காவல் துறை, சமூக நலத் துறை மூன்றும் ஒப்ப வேண்டியிருப்பதால் ஓரிரு மாவட்டங்களில் தொடங்கி விரிப்பது நல்லது. குறுஞ்செய்தியைத் திருத்தம், மேல்முறையீடு ஆகிய செய்திகளுக்கு மட்டும், விரும்பிக் கேட்டவருக்கு மட்டும், “உங்கள் விண்ணப்பத்தில் மாற்றம் உள்ளது, அலுவலகத்தை அழைக்கவும்” என்பது போன்ற நிறமற்ற வாசகத்தில் வைத்துக்கொள்ளலாம். விடுதலை அறிவிப்பு கடைசியில் வரட்டும். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்களுக்கு மேல் நீடிக்காது என்பதால், அங்கே இந்த வரிசை மாறும். காலாவதி நெருங்குவதை நினைவூட்டும் செய்திதான் அங்கு முதலில் வர வேண்டும். இந்தியாவில் அந்தப் பெண் நீக்கக் கேட்கும் வரை உத்தரவு அமலில் இருக்கும் என்று 25ஆம் பிரிவு சொல்வதால் அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

முதல் வழிக்குச் சட்டத் திருத்தமோ அரசாணையோ வேண்டியதில்லை. மனுக்களைத் தீர்க்கத் தனக்கென ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ள 28(2) பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. வழக்குரைஞர்கள் தாங்கள் தாக்கல் செய்யும் மனுவின் வேண்டுதல் பகுதியிலேயே இவற்றைச் சேர்த்துக் கேட்கலாம்: உத்தரவைச் சார்பு செய்வதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் பாதுகாப்பு அலுவலர் மனுதாரரைத் தனித் தாளில் கண்ட எண்ணில் தொடர்புகொண்டு தெரிவிக்க வேண்டும், சார்பான நாளும் மணியும் குறித்த சான்றை மறுநாளுக்குள் மனுதாரருக்குத் தர வேண்டும், மனுதாரர் குடிபெயர்ந்ததாகத் தெரிவித்தால் புதிய எல்லையின் காவல் நிலையத்துக்கும் நகல் அனுப்ப வேண்டும்.